சேலத்தில் 1937-ல் கள்ளுக்கடையை மூடியபோது வீட்டுக் கணக்கு என்ன ஆச்சு? ராஜாஜி நடத்திப் பார்த்த 'எதிர் விகித' சோதனை

ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கும். ஆள் கூடினால் வேலை முடியும் நாள் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்குதான். பாடப்புத்தகத்தில் இதற்கு எதிர் விகிதம் என்று பெயர். சுகாதார ஆய்விலும் சமூக ஆய்விலும் கொஞ்சம் தளர்வான வடிவத்தில் இதையே எதிர்மறைத் தொடர்பு என்கிறார்கள். பெண்கள் பள்ளியில் படிக்கும் ஆண்டுகள் கூடினால் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது. தடுப்பூசி கூடினால் அம்மை குறைகிறது. மதுவின் விலை ஏறினால் குடிக்கும் அளவு குறைகிறது.

செய்தியில் இப்படி ஒரு வரி வந்தால் படித்துவிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுவோம். ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் இந்த ஒரு வரியை நம்பி ஒரு முழு மாவட்டத்தையே மாற்றிப் பார்த்தார். மாவட்டம் சேலம். ஆள், ராஜாஜி.

யார் இந்த ராஜாஜி?

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10-ம் தேதி ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு சேலம் மாவட்டம். அப்பா அந்த ஊர் முன்சீப். ஓசூர், பெங்களூர், சென்னை என்று படித்து முடித்த பையன் 1900-ல் சேலத்தில் வக்கீலாக போர்டு மாட்டினார். தொழில் நன்றாகவே ஓடியது.

1911-ல் சேலம் நகரசபை உறுப்பினர். 1917-ல் இருந்து 1919 வரை தலைவர். இதற்கு நடுவில், 1916-ல் மனைவி அலமேலு மங்கம்மா இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919-ல் சென்னைக்குக் குடிபோனார். அவர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தும் யோசனை காந்திக்குத் தோன்றியது. அடுத்த வருடமே ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். 1921 கடைசியில் வேலூர் சிறை. பிறகு பெரிய நகரம் எதற்கும் போகாமல் திருச்செங்கோடு பக்கம் வந்தார்.

புதுப்பாளையத்தில் ஒரு ஆசிரமம்

இப்போதைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. நிலம் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார். திறந்து வைத்தவர் யார் என்று தெரிந்தால் இன்றைய வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அவர் ஈ.வெ.ராமசாமி, அதாவது பெரியார். இரண்டு பேரும் அப்போது காங்கிரஸ்காரர்கள், நெருங்கிய நண்பர்கள். கள் ஒழிப்புக்காக சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் அதே பெரியார் மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார் என்பது தனிக்கதை.

மானாவாரி பூமி. மழை பொய்த்தால் வேலை இல்லை. ஆசிரமம் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூல் வாங்கியது. நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து கதர் வாங்கியது. சின்னதாக ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள். ராஜாஜி தன் மகன் நரசிம்மன், மகள் லட்சுமியோடு அங்கே ஒரு சிறிய வீட்டில் இருந்தார். இந்த லட்சுமிதான் பிறகு காந்தியின் மகன் தேவதாஸைத் திருமணம் செய்தவர்.

கதர் வேலையில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் இருக்காது. வீட்டுக்குள் கூடுதலாகக் காசு வருகிறது. ஆனால் அது அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை. கூலி நாளன்று சாயங்காலம் கள்ளுக்கடையில் இறங்கிவிடுகிறது. வருமானத்தைக் கூட்டினால் மட்டும் வறுமை குறையாது, வழியில் இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது ராஜாஜியின் முடிவு. அதிலிருந்து கடைசி மூச்சு வரை அவர் அசையவில்லை.

ஆசிரமத்தில் இருந்தே 'விமோசனம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மதுவிலக்குக்கு என்றே ஒரு பத்திரிகை. அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்த இளைஞர் பெயர் கிருஷ்ணமூர்த்தி. பிற்காலத்தில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய அதே கல்கி. 1930-ல் உப்பு சத்தியாகிரகம் வந்தது. ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து போய் சிறைக்கும் போனார். பத்திரிகை நின்றது. பிரச்சாரம் நிற்கவில்லை. இந்திய மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளராக இருந்து, கணக்கு வழக்கோடு ஒரு மதுவிலக்குக் கையேட்டையே ஆங்கிலத்தில் எழுதினார்.

1937 அக்டோபர் 1: முதல் மாவட்டம்

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைக்கு அதுதான் பெயர். அதிகாரம் கைக்கு வந்த மூன்றே மாதத்தில், அக்டோபர் 1-ம் தேதி, சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்.

சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம் மட்டும் இல்லை. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூட அவரால் முடியாது. மாகாண அரசின் வருமானத்தில் ஏறத்தாழ கால்வாசி மது மூலம்தான் வந்தது. அதனால் ஒரு மாவட்டம் மட்டும். அடுத்த வருடம் சித்தூர், கடப்பா. அதற்கு அடுத்த வருடம் வட ஆற்காடு. பணத்தட்டுப்பாட்டால் எடுத்த முடிவுதான். ஆனால் ஆராய்ச்சி பண்ணுபவர்கள் பார்வையில் இது பெரிய அதிர்ஷ்டம். சேலத்தில் கடை இல்லை. பக்கத்துக் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் கடை இருக்கிறது. மண், மழை, கூலி ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கடை மட்டும். சோதனைக்கு ஒரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் என்று இன்றைய ஆய்வாளர்கள் தேடித் திரிகிற அமைப்பு இது.

அப்போது மாவட்ட கலெக்டர் டிக்சன் என்ற ஆங்கிலேய ஐசிஎஸ் அதிகாரி. அவருடைய நிர்வாகம் திட்டத்தை முழு மூச்சாக நடத்தியது. பொருளாதார ஆய்வாளர்கள் வந்து குடும்பங்களின் வரவு செலவை எழுதி வாங்கினார்கள். இந்தியாவில் ஒரு சமூகச் சட்டத்தின் விளைவை வீட்டுக் கணக்கு வழியாக அளந்து பார்த்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று.

கணக்கு என்ன சொன்னது?

எதிர்பார்த்த திசையில்தான் வந்தது. குடிச் செலவு விழுந்தது. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் செலவு கூடியது. கடன் வாங்குவது குறைந்தது. காபி, டீ குடிப்பது பெருகியது. ஒன்று இறங்க, இன்னொன்று ஏறியது. ராஜாஜி தரப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொஞ்சம் நில்லுங்கள். இங்கேதான் எதிர்மறைத் தொடர்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நெசவாளியின் கையில் வாரம் 4 ரூபாய் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் 1 ரூபாய் கள்ளுக்கு, 3 ரூபாய் வீட்டுக்கு. கடையை மூடினால் அந்த 1 ரூபாய் வேறு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? மொத்தம் மாறாமல் இருந்தால் ஒரு தலைப்பில் குறைவது இன்னொரு தலைப்பில் கூடும். இது கண்டுபிடிப்பு இல்லை, வெறும் கழித்தல் கணக்கு. அந்த ரூபாய் எங்கே போனது என்பதுதான் உண்மையான கேள்வி. அரிசிக்குப் போகலாம், வட்டிக்காரரிடம் போகலாம், சீட்டாட்டத்துக்கும் போகலாம். சேலத்து ஆய்வின் மதிப்பே, அது பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் துணிக்கும் போனதாக எழுதி வைத்ததில்தான் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் மழை. ஒரு வருடக் கணக்கை அடுத்த வருடக் கணக்கோடு ஒப்பிடும்போது, நல்ல மழை பெய்து கூலி கூடியிருந்தாலும் சாப்பாட்டுச் செலவு கூடும். அது கடை மூடியதால் வந்ததா, மழையால் வந்ததா? பக்கத்து மாவட்டத்தை ஒப்பிட்டால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

மூன்றாவதுதான் ரொம்ப நுட்பமானது. குடிப்பது குற்றம் என்று சட்டம் வந்த பிறகு ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து நீங்கள் குடிக்கிறீர்களா, எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? குடிச் செலவு பூஜ்யம் என்று பதிவாகும். அதில் எவ்வளவு குடி குறைந்ததால், எவ்வளவு வாய் மூடியதால் என்று தெரியாது. 2016-ல் மதுவிலக்கு வந்த பீகாரில் ஆய்வு செய்பவர்களுக்கும் இதே தலைவலி இருக்கிறது. அங்கே குடியும் மனைவியை அடிப்பதும் குறைந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. அதைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகத்துக்குக் குறைவான இடம் உள்ள அளவுகோல்களும் உண்டு. ஈரல் சுருங்கிச் சாகிறவர்களின் எண்ணிக்கை அப்படி ஒன்று. இறந்தவர் பொய் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸில் ஒயினுக்கு ரேஷன் வந்தபோது ஈரல் சுருக்க நோயால் இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். போர் முடிந்து ரேஷன் போனதும் மறுபடி ஏறினார்கள். ஸ்காட்லாந்து 2018-ல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. மதுவால் மட்டுமே வரும் சாவுகள் அதனால் 13.4 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. 1937 சேலத்தில் கிராமத்துச் சாவுகளுக்கு இவ்வளவு துல்லியமான மருத்துவப் பதிவு கிடையாது. வீட்டுச் செலவுக் கணக்குதான் கையில் இருந்த கருவி.

ஏறியது அடுப்பு மட்டும் இல்லை

ஒரே ஒரு ஜோடியை மட்டும் பார்த்தால் கள்ளுக்கடை இறங்கியது, அடுப்பு ஏறியது. ஆனால் கள்ளுக்கடை என்ற கயிற்றில் இன்னும் சில கனங்கள் கட்டியிருந்தன.

மரம் ஏறுகிறவர்களின் கூலி முதலாவது. பனையிலும் தென்னையிலும் கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. கடை மூடியதும் அவர்கள் வருமானம் இறங்கியது. இது எதிர் விகிதம் இல்லை, நேர் விகிதம். அரசு அவர்களுக்குப் பதநீர் இறக்க அனுமதி கொடுத்து, பனைவெல்லம் காய்ச்சும் சங்கங்களை ஏற்படுத்தியது. கள் இறக்குவதற்குப் பதநீரும் வெல்லமும் எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை மரம் ஏறியவர்களைக் கேட்டால்தான் தெரிந்திருக்கும். மதுவிலக்கின் வெற்றிக் கணக்கில் இவர்களுடைய பக்கம் எப்போதுமே மெலிந்துதான் இருக்கிறது.

இரண்டாவது, அரசு கஜானா. கடை குறைய வருமானம் குறைந்தது. அந்த ஓட்டையை அடைக்க ராஜாஜி கொண்டு வந்ததுதான் 1939-ம் ஆண்டு பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் அந்த மாதிரி வரி முதலில் வந்தது இங்கேதான். வியாபாரிகள் கொதித்தார்கள். இன்று கடையில் பில் வாங்கினால் கீழே இருக்கும் ஜிஎஸ்டி வரியின் பூர்வீகத்தைத் தேடினால், அது சேலத்துக் கள்ளுக்கடை வாசல் வரை வந்து நிற்கும்.

மூன்றாவது கள்ளச்சாராயம். கடைச் சாராயம் குறையும்போது காட்டுச் சாராயம் ஏறுவதற்கு இடம் உண்டாகிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் கடை திறந்திருக்கிறது என்பது இன்னொரு ஓட்டை. ஆனால் இதையும் ஒரே வரிச் சூத்திரமாக எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடைச் சரக்கைவிட பாக்கெட் சாராயம் மலிவு. அவ்வளவுதான். அன்று உயிருக்குப் போராடியவர்களில் பலரைக் கொண்டு வந்து சேர்த்தது சேலம் அரசு மருத்துவமனையில். அந்த மருத்துவமனைக்குப் பெயர் மோகன் குமாரமங்கலத்தின் பெயர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்த திருச்செங்கோடு பகுதி ஜமீன்தார் சுப்பராயனின் மகன் அவர்.

ஒரு மாவட்டமும் ஒரு மாகாணமும்

1939-ல் போர் வந்தது, காங்கிரஸ் அரசுகள் ராஜினாமா செய்தன. கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் வேறென்ன, வருமானம். சுதந்திரத்துக்குப் பிறகு 1948 அக்டோபர் 2-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

அந்த வருடங்களில் ராஜாஜி வேறு உயரங்களில் இருந்தார். மேற்கு வங்க கவர்னர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர். 1952-ல் சென்னை மாநில முதலமைச்சராகத் திரும்பி வந்தார். வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அடுத்து 1953-ல் அவர் செய்ததுதான் பெயரைக் கெடுத்தது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகலாம் என்ற திட்டம். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். அவரவர் சாதித் தொழிலுக்குள்ளேயே பிள்ளைகளை அடைக்கும் திட்டம் இது என்பது எதிர்ப்பின் சாரம். அந்த எதிர்ப்பு நியாயமானதும்கூட.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ராஜாஜியின் கணக்கு இங்கேயும் எதிர் விகிதம்தான். ஒரு பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரம் குறைந்தால், அதே கட்டடத்தில், அதே ஆசிரியரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். காகிதத்தில் சரியாக வரும். ஆனால் கள்ளுக்கடை விஷயத்தில் ஒரு மாவட்டத்தில் போட்டுப் பார்த்து, வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து, பிறகு அடுத்த மாவட்டத்துக்கு நகர்ந்தவர், பிள்ளைகள் விஷயத்தில் கிராமப்புறம் முழுக்க ஒரே வீச்சில் இறக்கினார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் இல்லை. பொறுத்துப் பார்க்க அவகாசமும் இல்லை. 1954-ல் பதவி போனது. காமராஜர் வந்து திட்டத்தை ரத்து செய்தார். பிறகு பள்ளிகளையும் கூட்டினார், மதிய உணவும் போட்டார். பிள்ளைகள் வந்தார்கள்.

அந்த 1954-ல்தான் ராஜாஜிக்கு பாரத ரத்னா. 1959-ல் காங்கிரஸை எதிர்த்து சுதந்திரா கட்சி. 1967-ல் திமுகவோடு கூட்டணி, 1971-ல் அதே திமுகவுக்கு எதிராக காமராஜரோடு கூட்டணி. இதெல்லாம் தனியாக எழுத வேண்டிய அரசியல்.

கொட்டும் மழையில் கோபாலபுரம்

1971-ல் மாநில அரசுக்கு நிதி நெருக்கடி. புதிதாக மதுவிலக்கு கொண்டு வரும் மாநிலங்களுக்குத்தான் மத்திய அரசு இழப்பீடு தரும், ஏற்கெனவே கொண்டு வந்து இழந்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்குக் கிடையாது என்ற நிலை. மதுவிலக்கைத் தள்ளி வைக்க முதலமைச்சர் கருணாநிதி முடிவெடுத்தார்.

அந்த ஜூலையில் ஒரு நாள், 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் கோபாலபுரத்தில் உள்ள கருணாநிதி வீட்டுக்குப் போனார். தேர்தலில் எதிரணியில் நின்று தோற்ற பிறகு, தோற்கடித்தவர் வீட்டு வாசலுக்குப் போவது அந்த வயதில் லேசான காரியம் இல்லை. கடையைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கருணாநிதி மரியாதையோடு வரவேற்றார். நிதி நிலைமையைச் சொன்னார். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு பேர் கையிலும் கணக்கு இருந்தது. ஒருவர் வீட்டு அடுப்பின் கணக்கோடு வந்தார், இன்னொருவர் கஜானாவின் கணக்கை வைத்திருந்தார். கடை திறந்தால் ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும் என்பது இருவருக்குமே தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் கடைகள் திறந்தன. ஒரு தலைமுறை முழுக்க சட்டப்படி கடையைப் பார்க்காமல் வளர்ந்திருந்தது. அடுத்த வருடம் 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி சென்னையில் இறந்தார். 1974-ல் அதே கருணாநிதி அரசு கடைகளை மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தப் பணம் எந்தெந்த வீட்டின் எந்தச் செலவில் இருந்து குறைந்தது என்று மாவட்டவாரியாக ஒரு கணக்கெடுத்தால், அதை எங்கே தொடங்கலாம் என்பதற்கு சேலத்தில் 1937-ல் போட்ட ஒரு முன்மாதிரி இருக்கிறது.